அடியிலிருந்து பார்த்த படம்

செத்திருந்தால் விளக்கு மினுக்கியிருக்காது. ஒரு துளி உயிர் இருக்கிறது, அது போதவில்லை. அப்படியென்றால் பாகம் கெட்டதில்லை. அதன் கம்பிக் கால் இடம் மாறி நிற்கிறது.

அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒன்பது பேர் ஒன்பது மேசைகளில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள், மாடியில் யாரோ அருமையாகப் பாடி முடித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். மாடியில் நடந்தது எலக்ட்ரானிக்ஸ் சங்கத்தின் ஞாயிறு வகுப்பு. கைதட்டினால் எரியும் விளக்கு. மூன்று வாரமாகத் துளையிட்ட பலகையில் பாகங்களைச் செருகி, ஈயம் உருக்கி, விரல் சுட்டுக்கொண்டு செய்தது. இன்றைக்கு எரிந்துவிடும் என்று சங்கத் தலைவரான அவள் அண்ணன் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஒன்றுகூட எரியவில்லை.

வகுப்புக்கு வரும் பல் டாக்டர் பொறுமை போய் மேசையை ஓங்கிக் குத்தினார். அவர் விளக்கு மட்டும் ஒரு கணம் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது.

"எங்கிட்ட வர்றவங்களே தேவலாம். திறன்னா திறந்து வச்சிருப்பாங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கண மினுக்கலில்தான் அவள் மனம் மாட்டிக்கொண்டிருந்தது.

டீ குடிக்க எல்லோரும் தாழ்வாரத்துக்குப் போனதும் டாக்டரின் பலகையை எடுத்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள் அவள். பைக்குள் எப்போதும் பூதக்கண்ணாடி இருக்கும். பலகையின் பக்கத்தில், எந்தப் பாகம் எங்கே என்று காட்ட வகுப்பில் கொடுத்த படத்தை விரித்து வைத்தாள். கால் மாறியிருந்தது பலகையில் இல்லை. படத்திலேயே.

படம் முழுவதும் அடியிலிருந்து, ஈயம் வைக்கும் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தது. செய்தவர்கள் மேலிருந்து பார்த்துச் செருகியிருக்கிறார்கள். மற்ற பாகங்களுக்கு இரண்டே கால். கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறினாலும் அவை பாட்டுக்கு வேலை செய்யும். டிரான்சிஸ்டருக்கு மூன்று. அதன் தட்டை முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்பதும் சொல்லிவைத்தாற்போல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன.

அவள் வீட்டில் செய்துபார்த்தது மட்டும் எரிந்தது. எரியாமல் என்ன செய்யும். அவள் செய்தது கைப்பழக்கத்தில். படத்தைப் பார்த்துச் செய்யவில்லை. செய்து முடித்து, பலகையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு படத்தை வரைந்தாள். எப்போதும் அடிப்பக்கத்தைப் பார்த்தே உட்கார்ந்திருப்பவளுக்கு அதுதான் நேர்ப்பக்கம்.

படத்தின் தலைப்பில் அண்ணன் பெயர் இருந்தது. ஆறு வருடமாக எல்லாப் படங்களிலும் இருப்பதுதான். முதல் முறை அச்சடித்து வந்தபோது, குடும்பத்துக்குள் பேர் என்ன பெரிய பேர் என்று அவர் கேட்டார். அவளும் ஆமாம் என்றாள். கொஞ்ச நாளில் அது தன் சொந்த அபிப்பிராயம் என்றே நம்பத் தொடங்கினாள். அண்ணிதான் ஒருநாள், "படம் உன்னுது, பேரு அவருது, டீ என்னுது. சங்கம் அமோகமா நடக்குது" என்று டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு அண்ணிமேல்தான் கோபம் வந்தது.

தப்பு தெரிந்ததும் படத்தை இன்னொரு முறை சரிபார்த்தாள். பிறகு அவளே எதிர்பாராத ஒன்று மனதில் வந்தது. வெட்கம் இல்லை அது. இந்தத் தப்பை அண்ணன் செய்திருக்கவே முடியாது. அவர் எந்தப் பலகையையும் திருப்பிப் பார்த்ததில்லை. இதைச் செய்ய, மணிக்கணக்கில் ஒரு பலகையின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவளால்தான் முடியும். ஆறு வருடத்தில் எழுபது படம் வரைந்திருக்கிறாள். அவற்றில் ஒன்றைக்கூட என்னுடையது என்று அவள் மனம் சொன்னதில்லை. இதை மட்டும் சொன்னது.

அண்ணனைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கதவைச் சாத்தினார்.

டிரான்சிஸ்டர் மொத்தமும் மட்டமான சரக்கு என்று சொல்லிவிடலாம், அடுத்த வாரம் புதுப் படமும் புதுப் பாகமும் கொடுத்துவிடலாம் என்றார். உன் நல்லதுக்குத்தான் பாப்பா என்றும் சேர்த்துக்கொண்டார். நாற்பத்திரண்டு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பா.

சரக்கு கொடுத்தது உதிரிபாகக் கடை அக்கா. ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் மீட்டரில் வைத்துப் பார்த்த பிறகே உறையில் போடுகிறவள். போன வருடம் தானும் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து மூன்றாம் மேசையில் உட்கார்ந்தாள். இன்றைக்கு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியதும் அவள்தான்.

"அக்கா முகத்துக்கு நேரா சொல்லுவீங்களா?"

"அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க. நான் பேசிக்கிறேன்."

"படம் தப்புன்னு சொல்லுங்கண்ணா. மூணு கால் ஈயத்தை உருக்கி, திருப்பி வச்சா போதும். பத்து நிமிஷ வேலை. எல்லாரும் எரிய வச்சுட்டே வீட்டுக்குப் போகலாம்."

"படத்துல என் பேரு இருக்கு."

"தப்பு உங்களுது இல்லையே. என் தங்கச்சி போட்ட படம்னு சொல்லிடுங்க."

அண்ணன் அவளையே பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கணக்குப் போட்டு, விடை பிடிக்காத முகம்.

"அப்ப மத்த படமெல்லாம்னு கேப்பாங்களே."

அவள் அதுவரை யோசித்திருக்கவில்லை. ஆனால் பதில் எங்கோ தயாராக இருந்திருக்கிறது.

"அதுவும்தான்."

அடுத்த அறையில் நாற்காலிகள் இழுபட்டன. டீ முடிந்து திரும்பிவிட்டார்கள். யாரோ விடாமல் தட்டிப் பார்த்தார்கள். ஒரு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. அக்காவாகத்தான் இருக்கும்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். அதையெல்லாம் வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார். இப்போதைக்கு வகுப்பின் வெள்ளைப் பலகையில் நாலு வரி, பாகங்கள் தரமில்லை என்று. எப்போதும் எழுதுவது அவள்தான், அவள் கையெழுத்துதான் எல்லோருக்கும் புரியும். மார்க்கரை மூடி கழற்றியே நீட்டினார்.

"எழுதிடு பாப்பா."

அவள் அதை வாங்கினாள். மூடிக்காகக் கை நீட்டி அதையும் வாங்கிக்கொண்டாள். பொருத்தி அழுத்தினாள். பிறகு, சின்ன வயதில் அவர் பள்ளிக்குப் போகும்போது அவள் பேனாவை வைத்துவிட்டதுபோல, அவர் சட்டைப்பையில் நேராகச் செருகினாள்.

"அதை நான் எழுத மாட்டேண்ணா."