வளைகாப்பு மஞ்சள்

நவம்பர் 14, வியாழன்

திங்கட்கிழமைப் பக்கத்தில் ஒரு தவறு. "அண்ணி முகத்தில் வளைகாப்பு மஞ்சள் இன்னும் போகவில்லை" என்று எழுதியிருந்தேன். அது பூசிய மஞ்சள் இல்லை. அடித்துவிட்டு, மேலே 'காமாலை' என்று திருத்தினேன்.

ஞாயிறன்று எங்கள் வீட்டில் பூவிழி அண்ணிக்கு ஏழாம் மாத வளைகாப்பு. வந்த பெண்கள் எல்லாரும் கன்னத்திலும் கையிலும் மஞ்சள் பூசினார்கள். அதனால் மறுநாள் அந்த நிறத்தை யாரும் சந்தேகப்படவில்லை. செவ்வாயன்று வாந்தி எடுத்தார். ஐந்து வகைச் சாதத்தையும் ஒரே நாளில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றார் அம்மா. அதையும் அப்படியே எழுதி வைத்தேன்.

நேற்று குடவாசல் மாலை வகுப்பில் குரூப் ஃபோர் மாதிரித் தேர்வு. காமாலை முதலில் எங்கே தெரியும் என்று ஒரு கேள்வி. கண்ணின் வெள்ளைப் பகுதி என்று குறித்தேன். மதிப்பெண் வாங்கிய பிறகுதான் வீட்டு ஞாபகம் வந்தது.

வந்ததும் அண்ணியை டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்திப் பார்த்தேன். "என்ன, பொண்ணு பார்க்க வந்த மாதிரி பார்க்கிற?" என்று சிரித்தார். மஞ்சளைக் கண்ணுக்குள் யாரும் பூசுவதில்லை. கண் மஞ்சளாக இருந்தது. நாலு நாளாகச் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகிறது என்று அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

அம்மா கீழாநெல்லி பறிக்கக் கிளம்பிவிட்டார். அரைத்து மோரில் மூன்று நாள் கொடுத்தால் இறங்கிவிடும், சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான் இறங்கியது என்றார். உண்மைதான். ஆனால் அப்போது என் வயிற்றில் பிள்ளை இல்லை. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வளவன் அண்ணனிடம் போனேன். "மூணு நாள் பார்க்க வேணாம்ணே. காலையில கூட்டிட்டுப் போயிடலாம்." நேற்றே போயிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து 108-இல் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். ஹெபடைடிஸ் ஈ என்று மதியம் தெரிந்தது. அசுத்தத் தண்ணீரில் வருவது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடுமாம். கர்ப்பிணிக்குக் கல்லீரல் சட்டென்று செயலிழக்கலாம், இரண்டு உயிருக்கும் ஆபத்து. பேச்சு குழறினாலோ, கிழமை மறந்தாலோ உடனே கூப்பிடுங்கள் என்றார் டாக்டர். பிறகு, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வேகமாக வராது. குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தினால்தான் குடம் நிறையும். தெருவில் குழாய் உள்ள எல்லா வீட்டிலும் அப்படித்தான். அண்ணி அடிபம்பு வரை நடக்க வேண்டாம் என்று ஆவணியில் அண்ணன் தோண்டினார். இரண்டரை அடி என்று அளந்து சொன்னது நான். ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் குழியில் நிறைந்து குழாய் முழுகியது. இறைத்துவிட்டு அதிலேயே பிடித்தோம்.

"அவளை நடக்கவே விட்டிருக்கலாம்" என்றார் அண்ணன். உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அளந்தவள் அதைச் சொல்லலாமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டேன்.

அம்மாவும் அண்ணனும் அங்கேயே இருக்கிறார்கள். நான் மட்டும் ஊருக்குத் திரும்பினேன். ஆறு மணிக்குப் போன் செய்து, இன்று என்ன கிழமை என்று அண்ணியைக் கேட்டேன்.

"வியாழன். அதுகூடத் தெரியாமலா டைரி எழுதுற?"

குரல் களைத்திருந்தது, குழறவில்லை. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். கல்லீரல் பற்றி இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார்களாம். அதுவரை மணிக்கு ஒருதரம் கிழமை கேளுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அடுத்த வீட்டுப் பிரகதீஸ்வரிக்கு ஐந்தாம் மாதம். அவள் வீட்டில் குழாய் இல்லை, எங்கள் குழாயில்தான் பிடிக்கிறாள். அவள் குடங்களை இன்றே கவிழ்த்துவிட்டோம்.

நாளை ஐந்தரைக்குத் தண்ணீர் விடுவார்கள். அதற்குள் குழாயை அடைத்துக் குழியை மூட வேண்டும். எட்டு மணிக்குப் பிரகதீஸ்வரியை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்.