டாக்டர் ஜாம்ஃபியின் கேள்விகள்

டெச்சிமான் நிலையத்தைவிட்டு பஸ் கிளம்பி, டிரைவர் கியர் மாற்றி வேகம் பிடித்ததும் என் கணவன் ஜாம்ஃபி எழுந்து நிற்பான். முதலில் ஜெபம். டயரையும் பிரேக்கையும் டிரைவரின் கண்ணையும் கடவுளிடம் ஒப்படைப்பான். மொத்த பஸ்ஸும் ஆமென் சொல்லும். டிரைவர் இத்ரிசு முஸ்லிம், அவரும் தன் பங்குக்கு ஆமீன் என்பார். ஜெபம் முடிந்த கையோடு ஜாம்ஃபி மலத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான்.

அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். காலையில் கக்கூஸ் போய் வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் உள்ளேயே இருப்பதுபோல் இருக்கிறதா? கொஞ்ச நாள் ஆட்டுப் புழுக்கை, கொஞ்ச நாள் வெறும் தண்ணீர் என்று மாறி மாறிப் போகிறதா? ரத்தம் பார்த்தீர்களா? வெட்கப்படாமல் கை தூக்குங்கள். சாப்பிடாமலே வயிறு உப்பிக்கொள்கிறதா? காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறதா? ஒரு மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் நாலைந்து கை எழும். கடைசியில் பையிலிருந்து பாட்டிலை எடுத்து உயர்த்துவான். அத்தனை கேள்விக்கும் பதில் மூலம். மூலத்துக்கு மருந்து அந்தப் பாட்டில்.

எங்கள் பக்கத்தில் இது எடுபடும். இங்கே இடுப்பு வலித்தால் மூலம், தலை சுற்றினால் மூலம், புருஷனுக்குப் படுக்கையில் முடியவில்லை என்றாலும் மூலம். சர்க்கரை தின்றால் மூலம் வரும் என்று மிரட்டித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். பாட்டிலில் இருப்பதைக் காய்ச்சுகிறவள் அஃப்ரியே என்கிற நான். மகோகனிப் பட்டை, இரண்டு வகை வேர், இஞ்சி, கொஞ்சம் கிராம்பு. நாக்கு சுருண்டுபோகிற கசப்பு. குடித்தவருக்கு வயிறு ஒருமுறை கொட்டித் தீர்க்கும், அதையே குணம் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதிப் பேருக்குச் சும்மா இருந்திருந்தாலே சரியாகியிருக்கும் என்பது என் கணக்கு. அதை வெளியே சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

குமாசி வரைக்கும் அந்தச் சாலை முழுக்க அவனுக்கு டாக்டர் என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அந்தப் பெயர் காதில் விழுந்தால் அவன் தோள் ஒரு விரற்கடை உயரும். வாடிக்கையாளர்களும் அவனை டாக்டர் என்று நம்பியே வாங்கினார்கள். அக்குமடானில் தையல்காரி தாச்சிவா என்று ஒருத்தி, முன்பு ஒருமுறை பஸ்ஸில் வந்து எல்லாக் கேள்விக்கும் கை தூக்கியவள். பஸ் நிற்கும் இடத்தில் காலி பாட்டிலைக் கையில் பிடித்தபடி காத்திருப்பாள். ஜன்னல் வழியாகக் காலி பாட்டில் உள்ளே வரும், நிறைந்த பாட்டில் வெளியே போகும். அவளைப் போல எல்லாரும் இருந்தால் நாம் மாடி கட்டிவிடலாம் என்று ஜாம்ஃபி சொல்வான்.

மாங்காய் சீசனில் அவனுக்கே ரத்தம் போக ஆரம்பித்தது. என்னிடம் மூச்சு விடவில்லை. துணி துவைக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? கேட்டேன். மூலம்தான் என்றான். அன்றிலிருந்து கஞ்சிக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்தினான். நான் காய்ச்சியதை நானே அவனுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

குறையவில்லை. சில நாள் கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்து வர மாட்டான். எழுந்து வந்தால் உடனே திரும்பிப் போவான். ஒருமுறை வெளியே போவதே நின்றுபோய் வயிறு வீங்கியது. எல்லா வீட்டிலும் இருக்கிற, வயிறு கழுவுகிற ரப்பர் குமிழ் எங்கள் வீட்டிலும் ஆணியில் தொங்குகிறது. பிறந்த குழந்தையிலிருந்து கிழவர் வரைக்கும் அதற்குத் தப்பியவர் கிடையாது. அதில் அரைத்த இஞ்சித் தண்ணீரை நிறைத்துப் பின்பக்கமாகச் செலுத்தினேன். அவன் வாயில் துணியைக் கடித்துக்கொண்டான். கரும்சிவப்பாக, கட்டிகட்டியாக ரத்தம் வந்தது. குமிழைக் கழுவி மாட்டாமல் குப்பையில் எறிந்தேன்.

அதற்குள் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தான். உள்ளங்கை வெளுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். பஸ்ஸில் பேசுவதற்காகவே தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறவன், அன்றைக்குத்தான் வீட்டில் குரல் உயர்த்தினான்.

"அந்த வரிசையில யார் உக்காந்திருப்பா தெரியுமா? பாதிப் பேரு எங்கிட்ட பாட்டில் வாங்கினவங்க. மூல மருந்து டாக்டர் மூலத்துக்குச் சீட்டு எடுத்து நிக்கிறாருன்னா, நாளைக்கு எவன் வாங்குவான்?"

"நீ செத்துப்போனா மட்டும் வாங்குவானா?" என்றேன்.

கெஞ்சிப் பார்த்தேன். அவன் அண்ணனை விட்டுச் சொல்லச் சொன்னேன், அந்த மகராசன் ஒரு பாட்டில் இனாமாக வாங்கிக்கொண்டு போனார். பாஸ்டரிடம் போனேன், அவர் உபவாசம் இருக்கச் சொன்னார். ஏற்கெனவே சாப்பிட முடியாதவனுக்கு உபவாசமாம்! இவன் என் கண்ணெதிரே செத்துவிடுவான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. அவன் யார் பேச்சைத்தான் கேட்பான் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கேட்பது ஒரே ஆளின் பேச்சை.

அடுத்த சந்தை நாளில், தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, அவனுக்கு முன்னாலேயே பஸ் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். குமாசி வரைக்கும் டிக்கெட். பயணிகளில் யாருக்கும் என்னைத் தெரியாது. இத்ரிசுக்குத் தெரியும். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெபம் முடிந்தது. கேள்விகள் தொடங்கின. சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றான், ஆனால் குரலில் ஒரு குறையும் இல்லை. ரத்தம் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றபோது நான் எழுந்து நின்றேன்.

"என் வீட்டுக்காரருக்கு இருக்கு, டாக்டர். மாங்கா சீசன்லேர்ந்து போகுது. இப்ப புது வள்ளிக்கிழங்கே சந்தைக்கு வந்தாச்சு."

ஜாம்ஃபியின் வாய் திறந்தபடி நின்றது. முன் சீட்டுத் தக்காளி வியாபாரி திரும்பிப் பார்த்து, மருந்து வாங்கிக் கொடு அக்கா, அதற்குத்தானே டாக்டர் நிற்கிறார் என்றார்.

"குடிச்சாரு. பெட்டி பெட்டியா குடிச்சாரு. இவரு மருந்துதான். சர்க்கரைய விட்டாரு. பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டாரு. இன்னும் என்ன செய்யணும், டாக்டர்? நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

பஸ்ஸில் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பையிலிருந்த பாட்டில்களைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது, இன்னும் ஒரு பாட்டில் என்று சொல்லியிருக்கலாம். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியதைக்கூட அவன் துடைக்கவில்லை.

"அப்ப அது மூலமா இல்லாமலும் இருக்கலாம்" என்றான். குரல் பஸ் குரலாக இல்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"என்னிக்கு?"

"இன்னிக்கே."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். பயணிகளுக்கு ஒரே ஆச்சரியம். எவ்வளவு நேர்மையான மனிதர், தன் மருந்து வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போ என்று தானே சொல்கிறாரே என்று பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவரின் மருந்து நல்ல மருந்தாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து ஆளாளுக்கு வாங்கினார்கள். அன்றைக்கு நடந்ததுபோல் வியாபாரம் என்றைக்கும் நடந்ததில்லை. தக்காளி வியாபாரி தன் மாமியாருக்கும் சேர்த்து வாங்கினார்.

அக்குமடானில் பஸ் நின்றது. தாச்சிவா காலி பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பையில் ஒரே ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. ஜாம்ஃபி அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு வழக்கம்போல் ஜன்னல் வழியாக நீட்டினான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் கவலையெல்லாம் என் புருஷனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இருந்தது.

குமாசி எல்லையில் ஆஸ்பத்திரி சந்திப்பு வந்ததும் இத்ரிசு யாரும் கேட்காமலே வண்டியை நிறுத்தினார். நான் இறங்கினேன். படியில் ஜாம்ஃபி தயங்கினான்.

"எறங்குங்க டாக்டர். அந்தம்மா வீட்டுக்காரரு காத்துக்கிட்டிருக்காரு" என்றார் இத்ரிசு. அவன் இறங்கினான்.

அங்கே டாக்டர் ஒரு சின்னப் பெண். தலைமுடியைப் பின்னி மேலே கட்டியிருந்தாள். அவள் கேட்ட கேள்விகளைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கிறதா? மாறி மாறிப் போகிறதா? ரத்தம்? உப்பல்? இளைப்பு? மூச்சு வாங்குகிறதா? ஏறக்குறைய அதே வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஜாம்ஃபி ஆமாம் என்று தலையாட்டினான். எத்தனை காலமாக என்று கேட்டபோது, இரண்டு வாரமாக என்றான். நான் அவனைப் பார்த்த பார்வையில், மாங்காய் சீசனிலிருந்து என்று திருத்திக்கொண்டான்.

கையுறை போட்டு விரலால் சோதித்தாள். பஸ்ஸில் இந்த விரல் சோதனையைக் கிண்டல் செய்துதான் அவன் எல்லாரையும் சிரிக்க வைப்பான். அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், சட்டென்று முடிந்துவிட்டது. பாட்டில் மருந்து குடித்ததைச் சொன்னோம். விற்றதைச் சொல்லவில்லை.

"மூலமாவும் இருக்கலாம், முக்காவாசிப் பேருக்கு அதான்" என்றாள். "ஆனா உள்ள பாக்காம எனக்கே தெரியாது. பாட்டிலுக்கு எப்படித் தெரியும்? குழாய் விட்டுப் பாக்கணும், அதுக்குத் தேதி தர்றேன். அதுக்குள்ள காத்தும் பிரியாம, வயிறு கல்லாட்டம் ஆகி வாந்தி எடுத்தா, தேதிய எதிர்பாக்காம ஓடி வந்துரணும். வீட்டுல குமிழ எடுத்தீங்க, அவ்வளவுதான்."

பெருங்குடலில் கட்டி இருந்தது. கெட்ட கட்டி. வெட்டி எடுத்தார்கள். குடலின் சுவரைத் தாண்டிப் போகவில்லை, பிழைத்தீர்கள் என்றார்கள். கொஞ்ச காலத்துக்கு வயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தார்கள், மலம் அதில் விழும். பிறகு குடலை உள்ளே சேர்த்துத் தைத்தார்கள். நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் சத்தமாக அழுதேன். இனிப் பிழைப்புக்கு என்ன என்பதெல்லாம் அப்போது எனக்குப் பொருட்டாகவே இல்லை.

நடக்கத் தெம்பு வந்ததும் ஜாம்ஃபி முதலில் போனது அக்குமடானுக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே தாச்சிவா பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்று விடாமல் எல்லாக் கேள்விக்கும் கை தூக்கினவள் அவள்தானே என்பான். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். தையல் கடையில் அவளுடைய தங்கை உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூல் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் என்ன என்று முறைப்படி கேட்டாள். ஜாம்ஃபி தாச்சிவாவின் பெயரை மட்டும் சொன்னான். மற்றதை அவளே சொன்னாள். பாலைவனத்திலிருந்து ஹர்மட்டான் வறட்டுக் காற்று வீசத் தொடங்கும்போது அக்கா போய்விட்டாள். வயிறுதான். கடைசியில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

"உங்க மருந்த விடவே இல்ல, டாக்டர். உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லுவா" என்றாள். உள்ளே போய் ஒரு சாக்கை இழுத்து வந்தாள். "பாட்டிலெல்லாம் வீட்டுல கெடந்துச்சு. கழுவி வச்சிருக்கேன். உங்களுக்கு ஆகும்ல."

அவன் சாக்கை வாங்கிக்கொண்டான். நன்றி சொன்னான். ஆஸ்பத்திரியில், வயிற்றைக் கிழித்தபோதுகூட நான் அவன் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. திரும்புகிற பஸ்ஸில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. டெச்சிமான் வரப்போகும்போது சாக்கை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"கேள்வியெல்லாம் சரியாத்தான் கேட்டிருக்கேன், அஃப்ரியே" என்றான்.

நான் பட்டை காய்ச்சிய பானையைக் கவிழ்த்துவிட்டேன். இப்போது சந்தையில் வெங்காயம் விற்கிறேன், வீடு அதில் ஓடுகிறது. ஜாம்ஃபி மறுபடியும் பஸ் ஏறுகிறான். ஜெபம், கேள்விகள், கை தூக்குதல், எல்லாம் அப்படியே. கடைசியில் பையிலிருந்து பாட்டிலை எடுத்து உயர்த்துகிறான். காலி பாட்டில். இது அக்குமடான் தாச்சிவாவினுடையது என்கிறான், நான்தான் அவளுக்கு விற்றேன் என்கிறான். பிறகு தன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுகிறான். இத்ரிசுதான் வந்து எனக்கு இதையெல்லாம் சொல்வார். நிறைய பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். மருந்து இல்லையென்றால் எதற்கய்யா எழுந்து நின்றாய் என்று திட்டுகிறார்களாம். ஒருவன் வாழைப்பழத் தோலை எறிந்தானாம்.

ஆஸ்பத்திரி சந்திப்பில் இத்ரிசு தினமும் வண்டியை நிறுத்துகிறார். பெரும்பாலும் யாரும் இறங்குவதில்லை. போன வாரம் வாட்டசாட்டமான ஒருவர், மூத்திரம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினாராம். பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாராம். இத்ரிசு ஹாரன் அடிக்காமல், அவர் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழையும் வரை பார்த்திருந்துவிட்டு வண்டியை எடுத்தாராம்.