இடது கை தூக்கியவர்கள்

வெளிநாட்டு விருந்தாளி வருகிறார் என்றால் போதும், கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் பிடித்துவிடும். சுவருக்குப் பெயின்ட், பிள்ளைகளுக்கு ஒத்திகை. அதுவும் டென்மார்க்கிலிருந்து ஓர் ஆசிரியை வந்து பாடம் பார்ப்பார், பதிலுக்கு இங்கிருந்து ஒருவர் அங்கே போகலாம் என்றால் சும்மாவா?

போவது யார் என்பது பள்ளி அதிபர் யோசெப்பின் அம்மையாரின் கையில் இருந்தது. அவர் கணக்கு ஆசிரியை நிஷாந்தினியைத்தான் நினைத்திருந்தார். வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ்ஸில் நெரிபட்டு வருகிறவளுக்கு அந்தப் பயணத்தில் கொள்ளை ஆசை. குளிருக்கு ஒரு ஜாக்கெட்கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

விருந்தாளி வருவதற்கு முதல் நாளே அதிபர் வகுப்புக்கு வந்து சட்டம் போட்டார்.

"கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்க வேணும். விடை தெரிஞ்ச ஆக்கள் வலது கை, தெரியாத ஆக்கள் இடது கை. மிஸ் வலது கையத்தான் கேப்பா. விளங்கிச்சா?"

விளங்காமல் என்ன, இன்ஸ்பெக்ஷனுக்கும் இதே கூத்தைத்தானே ஆடினார்கள். கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த ஹிபா இடது கையைத் தூக்கிப் பழகிப் பார்த்தாள். நிஷாந்தினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்கு ஒன்றும் வராது என்பதை ஒரு சின்னப் பிள்ளை ஒத்திகை பார்க்கிறது, இதுவா படிப்பு?

மறுநாள் விருந்தாளி கேர்ஸ்டின் வகுப்பின் பின்னால் வந்து உட்கார்ந்தார். பக்கத்திலேயே அதிபர். அரையையும் காலையும் கூட்டச் சொல்லி நிஷாந்தினி பலகையில் எழுதினாள். அத்தனை கையும் எழும்பியது.

"ஹிபா, நீங்க சொல்லுங்க."

அதிபர் தொண்டையைச் செருமினார். ஹிபா பாவம், தன் கையை அண்ணாந்து பார்த்தாள்.

"மிஸ், நான் இடது கைதானே தூக்கினன்."

"ஓம், அதுதான் கேட்டனான். என்ன விடை வந்தது?"

"ஆறில ரெண்டு." மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியிருக்கிறாள்.

"சரி. சாப்பிடக் கடையில அரைப் பாண் வாங்கினீங்க. அதோட கால் பாணும் வாங்கினா, கையில எவ்வளவு?"

"முக்கால்." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "அப்ப ஆறில ரெண்டு பிழை மிஸ். அது அரையவிடக் குறைய."

மணி அடித்ததும் கேர்ஸ்டின், ஏன் சிலர் மட்டும் இடது கையைத் தூக்கினார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறவியிலேயே இடது கைப் பழக்கம் என்று அதிபர் முந்திக்கொண்டார். பாதி வகுப்புக்குமா? நிஷாந்தினியால் பொறுக்க முடியவில்லை. விடை தெரியாதவர்கள் இடது கை, உங்களுக்காகச் செய்த ஏற்பாடு இது என்று பட்டென்று உடைத்துவிட்டாள்.

கேர்ஸ்டின் சிரித்தார். எங்கள் பள்ளிக்கூடத்திலும் விருந்தாளி வந்தால் நல்ல வகுப்பைத்தான் காட்டுவோம், பின்தங்கிய வகுப்பை அன்றைக்குக் காட்டுக்கு உலாக் கூட்டிப் போய்விடுவோம் என்றார்.

அதிபருக்குச் சிரிப்பு வரவில்லை. நிஷாந்தினியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மானத்த வாங்கிட்டீங்க. அவட்ட போய், இடது கைக் கதை சும்மா சிரிக்கச் சொன்ன பகிடி எண்டு சொல்லுங்க. சொன்னா உங்கட பேர அனுப்புறன்."

ஆசை விட்டுப்போகவில்லை. 'சரி மேடம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"வேற ஆர்ட பேரையாவது அனுப்புங்க மேடம். அங்க போய் நான் என்னத்தக் காட்ட? தெரியாத பிள்ளைய ஒளிக்கிறதையா? அத அவங்களே நல்லாச் செய்யிறாங்க."