ஏழாம் நம்பர் கட்டைத் துப்பாக்கி

எங்கள் ஆயுதக் கிடங்குக்குப் பன்னிரண்டு கட்டைத் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தது எழுபத்தெட்டாம் வருஷம். இசாப்பூரில் செய்த ராணுவ ரைபிள்தான். அதன் குழலைக் குறைத்து, முன்பக்கத்து மரத்தை வெட்டி, வேனுக்குள் இடிக்காமல் ஏறி இறங்கத் தோதாக ஆக்கியிருந்தார்கள். குண்டை ஏற்ற இழுத்துத் தள்ளும் அதே போல்ட், அதே பத்துக் குண்டு, அதே உறுதி. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு ஒன்றைத் தோளில் பொருத்திப் பார்த்தேன். கீழே வைக்க மனசு வரவில்லை. நான் வெள்ளைத்துரை, ஏட்டு. பதினாறு வருஷமாகக் கிடங்கு என் பொறுப்பு. துப்பாக்கி விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு, கோபம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உண்டு.

மறு வருஷம் அழகுமலை என்ற கான்ஸ்டபிள் சுடும் தேர்வில் இரண்டு தடவை தோற்றிருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள், வீட்டில் முதல் அரசாங்கச் சம்பளம் இவனுடையது. உயரம் கணக்குக்குச் சரியாக இருக்கும், அதற்கு மேல் ஒரு நூல் கிடையாது. நீளத் துப்பாக்கியின் மூக்கு அவன் கையில் தாழ்ந்துகொண்டே போகும். பத்துக் குண்டில் ஆறு வட்டத்துக்குள் விழ வேண்டும். மூன்றாவது தடவையும் விழாவிட்டால் வேலை நிரந்தரமாகாது, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

தேர்வுக்கு முன்னால் கிடங்கு வாசலில் வந்து நின்றான்.

"ஏட்டய்யா, இந்தத் தடவ கட்டையில சுடுறேன். இன்ஸ்பெக்டரய்யா சரின்னுட்டாக."

"அது சின்னதா இருக்கேன்னு நெனைக்காத. எடை கம்மி, கழுத மாதிரி ஒதைக்கும். வெடிச் சத்தத்துலயே பாதிப் பேரு கண்ண மூடிருவான்."

"ஒதைச்சா வாங்கிக்கிறேன். மூக்கு சாயாம இருந்தாப் போதும்."

வேண்டாவெறுப்பாக ஏழாம் நம்பரை அவன் பேரில் எழுதினேன்.

தேர்வுக்கு நாலு நாளைக்கு முன்புதான் ஆயுத பூஜை வந்தது. எல்லாத் துப்பாக்கிகளையும் ஜமுக்காளத்தில் வரிசையாகப் படுக்க வைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம். நீளத் துப்பாக்கிகளுக்குப் பின்பக்கத்து மரத்தில் வைப்பது வழக்கம். கட்டைத் துப்பாக்கிகள் என் செல்லம் என்பதால் யாரையும் விடாமல் நானே வைத்தேன். நெற்றியில் வைக்க வேண்டும் என்று தோன்றியது. துப்பாக்கிக்கு நெற்றி எது? குழல் நுனியில் இரண்டு இரும்புக் காதுகளுக்கு நடுவே, குறி பார்க்க நிற்கும் குறிமுள்தானே. அங்கே கெட்டியாக ஒரு பொட்டு. சாமிக்கு வைத்ததை யாரும் துடைக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்று உத்தரவும் போட்டேன்.

தேர்வு அன்று திருநகர் தாண்டி, பாறைக் குன்றின் அடிவாரத்தில் கூடினோம். காலையிலேயே வெயில் அடித்தது. இரும்பு மின்னிக் கண்ணைக் கூசக் கூடாது என்பதற்காக, எப்போதும்போல மண்ணெண்ணெய் விளக்கின் புகையைக் காட்டிக் குறிமுள்ளையெல்லாம் ஒரே வீச்சில் கறுப்பாக்கிக் கொடுத்தேன்.

மற்றவர்களுக்கெல்லாம் நீளத் துப்பாக்கி, கட்டை அழகுமலைக்கு மட்டும். படுத்துச் சுட்டான். முதல் ஐந்து குண்டும் வட்டத்துக்கு வெளியே. இன்னும் ஐந்து பாக்கி இருந்தது. அத்தனையும் நடுவில் விழுந்தாலும் ஆறு வராது. தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது.

வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

"கண்ண மூடுறான் சார். ஒதைக்குப் பயந்துக்கிட்டுத் துள்ளுறான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

குறிப்பலகையைக் கொண்டுவந்தார்கள். ஐந்து ஓட்டையும் வட்டத்துக்கு ஒரு சாண் கீழே, ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன. அழகுமலை அதைப் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"ஏட்டய்யா, பயந்தவன் சுட்டா அங்கிட்டும் இங்கிட்டும் செதறும்ல? இது ஒரே எடத்துல கெடக்கே."

"அப்ப என் துப்பாக்கி சரியில்லைங்கிறியா?"

"அப்படிச் சொல்லல. நீங்க ஒருக்கா சுட்டுப் பாருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவன் கையிலிருந்து பிடுங்கி, இன்ஸ்பெக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு படுத்தேன். இவன் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று நினைத்தேன். போல்ட் வெண்ணெயாக வழுக்கியது. மூன்று குண்டு. தோளில் மூன்று இடி. ஆகா, என்ன துப்பாக்கி என்று அப்போதும் மனசு சொன்னது. பலகை வந்தது. மூன்றும் அவனுடைய ஓட்டைகளுக்குப் பக்கத்தில், அதே ஒரு சாண் கீழே.

குழல் நுனியைத் திருப்பிப் பார்த்தேன். குறிமுள்ளை நகத்தால் சுரண்டினேன். கரிக்கு அடியில் மஞ்சளாக உதிர்ந்தது. காய்ந்த சந்தனம் முள்ளை உயரமாக்கியிருந்தது. முள் உயர்ந்தால் குண்டு தாழும். பயிற்சிக்கு வருகிறவனுக்கு முதல் வாரமே நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது.

அழகுமலை பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அந்தத் தூளைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் முப்பது அடி தள்ளி இருந்தார். ஊதிவிட்டு எழுந்திருந்தால் யாருக்கும் தெரியாது, என் பதினாறு வருஷப் பேரும் பிழைக்கும். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவான். உண்மையைச் சொல்கிறேன், ஊதத்தான் வாயைக் குவித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெஞ்சியிருந்தால்கூட ஊதியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

எழுந்து போய் சல்யூட் அடித்தேன்.

"தப்பு என்னோடது சார். சந்தனத்தக் குறிமுள்ளுல வச்சுட்டேன். பையன் சரியாத்தான் சுட்டிருக்கான். அந்த அஞ்சையும் தள்ளுபடி பண்ணணும்."

இன்ஸ்பெக்டர் எல்லார் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். இந்தத் தடவை வரிசை என்னைப் பார்த்துச் சிரித்தது. விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார். வந்தது. ஆனால் பையனை மறுபடி சுடச் சொன்னார்.

முள்ளைத் துடைத்துக் கொடுத்தேன். அழகுமலை படுத்தான். அந்தக் கட்டை அவனுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. உதை வாங்கினான், மூச்சு விட்டான், போல்ட்டை இழுத்தான், அடுத்தது. அவசரமே இல்லை. பத்தில் ஒன்பது வட்டத்துக்குள். அந்த மைதானத்தில் அவ்வளவு அழகாக யாரும் சுட்டு நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

திரும்பும் வேனில் என் எதிரே உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி முழங்கால்களுக்கு நடுவில் அடக்கமாக நின்றது.

"ஒனக்கு எப்படா தெரியும்?"

"மூணாவது குண்டுலயே சந்தேகம் வந்துருச்சு ஏட்டய்யா. நீங்க பொட்டு வைக்கும்போது நான் பக்கத்துலதான நின்னேன்."

"அப்பவே வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

துப்பாக்கியைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டான். பிறகு, குரலில் கோபம் இல்லாமல் சொன்னான்.

"நான் சொன்னா நம்பியிருக்க மாட்டீக. சாமிப் பொட்டக் கொற சொல்றியாடான்னு அடிச்சிருப்பீக. அதான் ஒங்களையே சுடச் சொன்னேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடித்துத்தான் இருப்பேன்.