ஹெல்மரில் துப்பாக்கிகள் புதிதான வருடங்கள்

லார்ஸ் எங்கெபிரெட்சனின் முப்பது வருடப் பழைய ரைபிள் 1984 மார்ச் மாதம் பத்தே நாளில் புத்தம் புதிதாகியது. பதினோராம் நாள் அவர் அதைக் கொண்டு தொழுவத்தில் தன் உயிரை முடித்துக்கொண்டார். அந்த வாரம் கோதுமை விலை புஷெல் மூட்டைக்கு மூன்று டாலர் நாற்பது சென்ட், உழுத செலவுக்கே காணாது. தரை உறைந்திருந்ததால் குழி வெட்ட இரண்டு நாளானது. தற்கொலை என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் வாயில் எடுப்பதில்லை. துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டது என்போம். லார்ஸும் அப்படித்தான் போனார் என்று தேவாலயத்தில் சொல்லிக்கொண்டோம்.

ஆள் போன வீடுகளுக்குப் பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ ஆர்வில் ட்வேட்டின் சாம்பல் நிற வேன் வரும். மனைவிமாரிடம் துப்பாக்கிகளை வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டு, மொன்டானா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பதினொரு ஊர்களில் இருக்கும் துப்பாக்கிக் கடைகளுக்கு விற்பது அவர் தொழில். இரும்பின் மேல் ஆலையில் பூசிய கறுப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதுதான் பழைய துப்பாக்கிக்கு மதிப்பு. ஆர்வில் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தாலே அறுபது சதவீதம், எழுபது சதவீதம் என்று சொல்லிவிடுவார். லார்ஸின் ரைபிள் பிக்கப் வண்டியில் உரசி உரசி வெளுத்துப் போனது என்பது அவருக்குத் தெரியும். இப்போது அதில் ஒரு கீறல் இல்லை. நூறு என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தொண்ணூற்றெட்டு எழுதி விற்றார். இலையுதிர் காலத்துக்குள் அதே மாதிரி இன்னும் நான்கு கிடைத்தன. ஹெல்மர் சரக்கு இருக்கிறதா என்று கடைக்காரர்கள் தேடிக் கேட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பொருளைப் பேணி வைப்பவர்கள் என்று ஆர்வில் சொன்னார். அதைக் கேட்டு நாங்கள் பெருமைப்பட்டோம், கடவுள் எங்களை மன்னிக்கட்டும்.

சாவுக்கு முன்பே துப்பாக்கி புதிதாகிறது என்பதை அடுத்த வருடம்தான் கண்டுபிடித்தோம். டாம் பிரெக்கியின் வண்டியில், பின் கண்ணாடியோரம் அவருடைய துப்பாக்கி தொங்கும். அதன் மரக்கட்டையில் ஒரு வெடிப்பு, அதன் மேல் சுற்றிய ஒட்டு நாடா. திங்கட்கிழமை காப்பிக்கடை வாசலில் அது அப்படியே இருந்தது. வியாழக்கிழமை வெடிப்பு மூடிக்கொண்டு, நாடா தளர்ந்து தொங்கியது. ஆர்வில் அதைப் பார்த்தார், காப்பி குடித்தார், போய்விட்டார். நாங்களும் பார்த்தோம். நம்மைவிட நெருங்கியவர் யாராவது போய்ப் பேசுவார் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். அடுத்த வாரம் டாமின் அடக்கம். அந்தத் துப்பாக்கியையும் ஆர்வில்தான் வாங்கினார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்தது. ஒருவன் முகம் இருண்டு போனால் பக்கத்துப் பண்ணைக்காரர் போய், கோழிகளை நரி தூக்குகிறது, என் துப்பாக்கி பழுது, உன்னுடையதைக் கொஞ்சம் இரவல் கொடு என்பார். அவனும் கொடுப்பான். பனிக்காலம் முழுக்க அது இரவல் வாங்கியவர் வீட்டிலேயே இருக்கும். நரி கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். முன்பெல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால் பல நேரம் பிந்திவிடும். டாமுக்குப் பிறகு துப்பாக்கிகளைப் பார்க்கப் பழகினோம். இரண்டு வருடத்தில் ஏழு பேரிடம் இரவல் வாங்கினோம், ஏழு பேரும் பிழைத்தார்கள். அவர்கள் தேறியபோது துப்பாக்கிகளில் பழைய கீறல்களும் தாமாகத் திரும்பி வந்தன.

1987 மே மாதம் ஆர்வில் தன் தம்பி நெல்ஸின் பண்ணைக்குப் போனார். முந்தைய பனிக்காலத்தில் நெல்ஸின் மனைவி ஐயோன் இறந்திருந்தாள். அதற்கு முன் இரண்டு விளைச்சலை ஆலங்கட்டி மழை அடித்துப்போட்டது. சமையலறைக் கதவுக்கு மேல் அவர்கள் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி மாட்டியிருக்கும். பதினான்கு வயதில் ஆர்வில் அதோடு வேலியிலிருந்து விழுந்ததில் குழலில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது, அதற்காக அப்பாவிடம் அடியும் விழுந்தது. அன்று நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பள்ளம் இல்லை. ஊரில் வேறு யார் வேண்டுமானாலும் இரவல் கேட்கலாம், அவர் மட்டும் கேட்க முடியாது. வாசலில் நின்ற அவர் வேனில் நூற்றெண்பது துப்பாக்கிகள் இருந்தன. ஆனாலும் வேறு பேச்சு தெரியாததால் அதையே கேட்டார்.

"கோழிக்கூண்டுகிட்ட நரி வருதுடா. உன் துப்பாக்கியக் கொஞ்ச நாளைக்குக் குடேன்."

ஐயோன் போன பிறகு நெல்ஸ் சிரித்தது அன்றுதான். "வாசல்ல ஒரு பட்டாளத்துக்கே துப்பாக்கி வெச்சிருக்க. அந்த நரிக்கு என்னுதுதான் வேணுமாக்கும்? அதுவுமில்லாம உன்கிட்ட கோழி ஏதுண்ணே?"

ஆர்வில் தனக்குத் தெரிந்த இன்னொரு பாஷைக்குப் போனார். விலை பேசினார். தொண்ணூறு டாலர் பெறுமானமுள்ள துப்பாக்கிக்கு முந்நூறு என்றார், ஐந்நூறு என்றார், ஆயிரம் என்றார்.

"செத்தவன் பொண்டாட்டிங்ககிட்டகூட நீ இவ்ளோ குடுத்ததில்லயே," என்றான் நெல்ஸ். "கொஞ்சம் பொறுத்துக்க. சும்மாவே கெடைக்கும்."

ஆர்வில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அடுத்துச் சொன்னதை எங்கள் வட்டாரத்தில் அதற்கு முன் யாரும் யார் முகத்துக்கு நேராகவும் சொன்னதில்லை.

"நீ உன்னையே சுட்டுக்குவியோன்னு பயமா இருக்குடா எனக்கு."

"எனக்கும் அதான்ணே பயம்," என்று சொல்லிவிட்டு, நெல்ஸ் எழுந்து துப்பாக்கியைக் கழற்றி அண்ணன் மடியில் வைத்தான்.

வேனில் திரும்பும்போதுதான் ஆர்விலுக்கு மற்றது உறைத்தது: நெல்ஸ் இன்னொன்றை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பதினொரு கடைகளிலும் சுவர் நிறையத் துப்பாக்கி, பெரும்பாதி அவரே கொண்டுபோய் நிரப்பியது. மூன்று நாள் அலைந்தார். இருபது வருடமாக விலையைத் தவிர எதுவும் பேசியறியாத மனிதர்களிடம் தம்பியின் படத்தைக் கொடுத்து, இவன் வந்தால் விற்காதீர்கள், தன்னைச் சுட்டுக்கொள்வான் என்று கடை கடையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல எளிதாகவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். கடைசிக் கடை பிரெய்ரி ஃபோர்க்கில் டார்லீன் கோஷுடையது. படத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது, அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"முந்தாநாளே வந்துட்டான், ஆர்வில். நீ போன மாசம் போட்டியே, அந்தத் துருப்புடிச்ச ரைபிள், அதக் கையில எடுத்தான். எடுத்து முழுசா ஒரு நிமிஷம் ஆகல, துரு மொத்தமும் போய்ப் பளபளன்னு ஆயிடுச்சு. வாங்கி உள்ள வெச்சிட்டு, இன்னைக்கு யாவாரம் இல்ல, காப்பி குடிச்சிட்டுப் போன்னேன்."

இன்னொன்றும் சொன்னாள். "போன வருசம் ரெண்டு பேரு கையில இப்படி ஆனப்ப, நல்ல சரக்காயிடுச்சுன்னு வெலைய ஏத்தி வித்தேன். அந்த ரெண்டு பேருமே இப்ப இல்ல."

ஆர்வில் கடை மேசையைப் பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதார். அவர் வீடு திரும்புவதற்குள் சேதி ஹெல்மருக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து பதினொரு கடைகளிலும் ஒரு வழக்கம் வந்தது. பழைய துப்பாக்கி கேட்டு வருபவர் கையில் முதலில் அதைக் கொடுத்து, ஐந்து நிமிடம் வானிலை பேசுவார்கள். பழையதாகவே இருந்தால் விற்பார்கள். புதிதானால் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, காப்பி ஊற்றிக் கொடுத்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அவர்களுக்குப் போன் போடுவார்கள். ஹெல்மர் சரக்கு என்றால் இப்போது துருப்பிடித்தது என்று பொருள். நாற்பது சதவீதத்துக்கு நூற்றிருபது டாலர், தொண்ணூற்றெட்டு சதவீதத்தைத் தொட ஆளில்லை. எல்லோரையும் தடுத்துவிட்டோம் என்று எழுதினால் அது பொய். பார்க்க ஆளில்லாத வீடுகளில் மேலும் ஆறு பேர் போனார்கள். அவர்கள் பெயர்கள் எனக்குத் தெரியும், இங்கே எழுத மனம் வரவில்லை.

நெல்ஸ் இருக்கிறான். ஒன்பது வருடமாக அக்டோபரில், வாத்து வேட்டை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டுக்கு வருகிறான். ஆர்வில் அலமாரியைத் திறந்து அப்பாவின் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பார். இருவரும் ஜன்னலோரம் நின்று பார்ப்பார்கள். பள்ளம் இருந்த இடத்தில் நெல்ஸ் கட்டைவிரலை வைத்து மேலும் கீழும் தடவுவான். குழல் ஆலையிலிருந்து வந்த அன்று போலவே வழவழவென்று இருக்கும்.

"பள்ளம் இன்னும் திரும்பி வரலண்ணே. உள்ளயே வை," என்பான்.

ஆர்வில் அதை உள்ளே வைத்துப் பூட்டுவார். அதற்குள் அவர் மனைவி சிக்னி பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் மேசையில் வைத்திருப்பாள். நெல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.