முப்பத்தேழாவது பொருள்

என் தம்பி யோகலிங்கம் அக்கராயன் குளத்தில் நீர்ப்பாசன ஓவசியராக இருந்தான். அவனிடம் துவக்கு இல்லை. துவக்குக்குத் துணையான பழைய பட்டாளத்துப் பொருட்கள் மட்டும் அறுபத்திரண்டு இருந்தன. பித்தளை எண்ணெய்ச் சிமிழ்கள், மழைநீர் புகாமற் குழல்வாயை அடைக்கும் மரமூடிகள், தோல்வார்கள், தோட்டாப் பைகள், திருகுசாவிகள். வவுனியாவில் சரீப் என்பவரின் பழைய இரும்புக் கடையிலும் ஓமந்தைப் பக்கத்து வேட்டைக்காரர் வீடுகளிலும் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தவை அவை. ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, அளவையும் முத்திரையையும் பதிவேட்டில் எழுதி, அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தான். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று அவன் வீட்டில் தங்கியிருந்த அக்காவாகிய எனக்கு, அவனிடம் பிடித்தது அந்த ஒழுங்குதான்.

1961ஆம் ஆண்டு ஆவணி மாதம், சிறுபோக அறுவடை நாட்களில், பன்றிக்காக யாரோ வயலோரம் கட்டிவைத்த கட்டுத்துவக்கு வெடித்துச் சின்னராசா என்ற கமக்காரர் காலில் காயமடைந்தார். கட்டியவன் யாரென்று தெரியவில்லை. பத்தாம் நாள், ஓவசியர் வீட்டு அலுமாரியில் துவக்குச் சாமான் இருக்கிறதென்று பெயரில்லாத பெட்டிசம் ஒன்று பொலிசுக்குப் போயிற்று. மறுநாட் காலை சப்-இன்ஸ்பெக்டர் மஸாஹிர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகச் சரிபார்த்தார். முப்பத்தேழாவதில் நின்றார்.

“வெடிமருந்து இடிக்கிற கம்பி. மூன்றடி மூன்றங்குலம். எங்க அது, ஓவசியர்?”

அலுமாரிக் கதவின் உட்புறத்தில் இரண்டு ஆணிகள் வெறுமையாக இருந்தன. தம்பி குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடியும் குனிந்தான்.

“தையில துடைச்சுக் கொழுவினனான் ஐயா.”

“கட்டுத்துவக்குக்கு மருந்து இடிக்கவும் இப்பிடி ஒரு கம்பிதான் வேணும். காட்டினீங்கள் எண்டால் இதை இஞ்சையே முடிச்சுப்போட்டுப் போயிடுவன். காட்டாட்டில் உங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வேணும்.”

அரசாங்க உத்தியோகத்தனைப் பொலிஸ் கொண்டுபோனால் வேலை அன்றே நிறுத்தப்படும். பின்னர் வழக்கில் வென்றாலும், சின்னராசாவின் காலைச் சிதைத்தவன் என்ற பேச்சு ஊரைவிட்டுப் போகாது.

வீட்டுக்கு வந்தவருக்கு ஐந்து நிமிடத்தில் தேத்தண்ணீர் கொடுப்பவள் தம்பியின் மனைவி நாகேஸ்வரி. அன்று அரைமணியாகியும் அவள் வெளியே வரவில்லை. நான் குசினிக்குப் போனேன்.

“நாகேஸ், கம்பி எங்க?”

“சொன்னால் ஏசுவியள் மச்சாள்.”

“சொல்லாட்டில் உம்மட மனிசன் ஜீப்பில ஏறப் போறான்.”

“வைரவருக்குக் குடுத்திட்டன்.”

குளக்கட்டில் மருதமரத்தின் கீழ் இருக்கும் வைரவருக்குச் சூலமே உருவம். ஆடியில் அது துருவேறி முறிந்துவிட, பூசை செய்யும் வீரகத்தி இரும்பு கேட்டு வந்திருக்கிறார். வைரவருக்கென்று கேட்டால் இல்லையென்று சொல்லும் துணிவு நாகேஸ்வரிக்குக் கிடையாது.

“அறுபத்திரண்டு கிடக்குது. ஒண்டு குறைஞ்சால் அவருக்குத் தெரியவே போகுது எண்டு நினைச்சன்.”

பன்னிரண்டு ஆண்டு குடும்பம் நடத்தியும் தன் கணவனை அவள் அறிந்திருந்தது அவ்வளவுதான்.

நான் வெளியே வந்து விஷயத்தைச் சொல்ல, எல்லோரும் குளக்கட்டுக்குப் போனோம். கம்பியின் தலையில் மூன்று அலகுகளைப் பொருத்தி நட்டிருந்தார்கள். எண்ணெய்க் கரியும் சந்தனமும் குங்குமமும் அதை முற்றாக மூடியிருந்தன. மஸாஹிர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்.

“முத்திரையைப் பார்க்கவேணும் பூசாரியார். ஒருக்காத் துடைச்சு விடுங்கோ.”

“துடைக்கேலாது,” என்றார் வீரகத்தி. “நீராட்டலாம். நீராட்டினால் வடைமாலை சாத்தவேணும்.”

“சாத்தாட்டில்?”

“வைரவர் என்னை ஒண்டும் செய்யமாட்டார். கேட்டது நீங்கள்.”

மஸாஹிர் என்னிடம் திரும்பினார். “ரீச்சர், உளுந்து ஊற எவ்வளவு நேரம் செல்லும்?”

“இரண்டு மணித்தியாலம்.”

“அப்ப நிக்கிறன். ஓவசியரும் இந்த மரத்தடியிலதான் இருக்கவேணும்.”

நாகேஸ்வரி வீட்டுக்கு ஓடினாள். மாலையுடன் அவள் திரும்பி வந்தபோது உச்சிவெயில். வீரகத்தி குளத்து நீரை வார்த்துத் தேங்காய்த் தும்பினால் தேய்த்தார். முதற் குடத்தில் சந்தனம் போயிற்று. இரண்டாவதில் கரி கலங்கி வழிந்தது, இரும்பு தெரியவில்லை. தம்பி பதிவேட்டை மார்போடு அணைத்தபடி கண்களை மூடிக்கொண்டான். மூன்றாவது குடத்தில் அலகுகளுக்கு ஒரு சாண் கீழே ஒரு கிரீட முத்திரையும், அதன்கீழ் 318 என்ற இலக்கமும் தெரிந்தன.

மஸாஹிர் பதிவேட்டை வாங்கி ஒப்பிட்டார். “எப்ப நட்டனீங்கள்?”

“ஆடி அமாவாசையில. அண்டு தொட்டு அசையேல்லை.”

“சின்னராசாவுக்குக் காயம் பட்டது ஆவணியில,” என்று தமக்கே சொல்வதுபோலச் சொல்லி, குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். எழுதியதை எங்களுக்கு வாசித்தும் காட்டினார்: கம்பி காணப்பட்டது, சம்பவத்துக்கு முன்பிருந்தே கோயிலில் இருக்கிறது, ஓவசியர்மீது குற்றமில்லை.

தம்பி அப்படியே குளக்கட்டில் அமர்ந்துவிட்டான். பிறகு மனைவியிடம், “நீர் கேட்டிருந்தால் நானே தந்திருப்பன்,” என்றான். அது பொய். அன்று அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

வீரகத்தி மாலையைச் சாத்தினார். நாகேஸ்வரி ஓர் ஓலைப்பெட்டியை மஸாஹிரிடம் நீட்டினாள்.

“இது வைரவருக்குப் படைக்காத வடை ஐயா. உங்களுக்கெண்டு புறம்பாச் சுட்டனான்.”

அவர் மூன்று வடை தின்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காத என் தம்பி ஆறு தின்றான்.