உர்ஹோ வீட்டுக்கு வந்த வெயில்

கிவிலா ஊரில் உர்ஹோ லாஹ்டினென் வீட்டுக்கு மட்டும் நவம்பர் முதல் தேதி விடியவில்லை. வேலிக்கு வெளியே காலை ஒன்பது மணி வெளிச்சம் இருந்தது. வேலிக்கு உள்ளே, திரை இழுத்து மூடியதுபோல் கும்மிருட்டு. கடிதம் கொண்டுவந்த தபால்காரப் பெண்மணி டார்ச் அடித்துப் பெட்டியைத் தேடி, கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து அந்த டார்ச்சைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். மற்றபடி ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அமெரிக்காவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையில் குளிர்காலம் எப்படியும் இருட்டுத்தான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். செப்டம்பரில் மிஸ் டன் என்ற அளவைக்காரி வந்திருந்தாள். ஊர்ப் பொதுக்கூடத்தின் மேல் சோலார் பேனல் வைக்கலாமா என்று பார்ப்பது அவள் வேலை. கொண்டுவந்த கருவி அவள் தங்கிய நான்கு நாளும் மேகத்தையே அளந்தது. அதனால் ஒரு நீளத் தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, ஒவ்வொரு வீட்டிலும் தினம் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறதென்று எழுதி, கையெழுத்திட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கச் சொன்னாள். தாள் முதலில் போனது ட்ரெகியர் வீட்டுக்கு. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்கம் தோண்ட வந்த வம்சம். தன் நாய்க்குக்கூடக் கணக்குத் தெரியும் என்பவர். பன்னிரண்டு கட்டத்திலும் பதினாறு என்று எழுதினார்.

மற்ற வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் ஃபின்லாந்து வழிவந்தவர்கள். வலை கிழிய மீன் பிடித்தாலும் 'ரெண்டு மூணு மாட்டுச்சு' என்பார்கள். நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வருஷம் முழுக்க அவரைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பார்கள். ட்ரெகியரின் பதினாறைப் பார்த்துக் கூசிப்போன அடுத்த வீட்டுக்காரர் டிசம்பருக்கு ஐந்து என்று எழுதினார். ஐந்தைப் பார்த்தவர் மூன்று. மூன்றைப் பார்த்தவர் இரண்டு. உர்ஹோவின் பக்கத்து வீட்டு அர்விட் ருவோனா ஒன்று என்று எழுதினார். தெருக்கோடி வீடு உர்ஹோவுடையது. அர்விட்டைவிட அதிகம் எழுதுவது பீற்றல். சரிக்குச் சரி எழுதுவதும் போட்டிக்கு நிற்பதுபோல் இருக்கும். மிச்சம் இருந்தது பூஜ்யம். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஐந்து கட்டத்திலும் அதை எழுதினார். பாஸ்டி என்ற இறைச்சி அப்பத்துக்குள் வைக்க டர்னிப் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சாய்மி, "உள்ளதை எழுதேன்" என்றாள். "எல்லாம் உத்தேசம்தானே" என்றார் உர்ஹோ.

மிஸ் டன் தாளில் முத்திரை குத்தினாள். அக்டோபரிலிருந்து வெயில் தாளில் இருந்தபடி விழ ஆரம்பித்தது.

ட்ரெகியர் வீட்டில் ஜனவரியிலும் பதினாறு மணி நேரம் வெயில். கூரைப் பனி உருகி, முற்றத்தில் தக்காளி காய்த்தது. அவர் தூங்க முடியாமல் ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டார். ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து நாற்காலி தூக்கி வந்து, அவர் முற்றத்தில் கோட்டைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சூடாக இருக்கிறதா என்று அவர் கேட்டால், "கொஞ்சம்" என்றார்கள்.

உர்ஹோ பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர். பகலெல்லாம் வெளியே இருந்தார். இருட்டு சாய்மிக்குத்தான் வாய்த்தது. முதல் குளிர்காலத்தில் அவளுடைய ஜெரேனியம் செடிகள் பதினொன்றும் செத்தன. இரண்டாவது குளிர்காலத்தில் அவள் காலை எது, மாலை எது என்று கேட்பதை நிறுத்தினாள். அரிசோனாவில் இருந்த அவள் தங்கை ஒவ்வொரு கடிதத்திலும் வரச் சொன்னாள். உர்ஹோ மிஸ் டன்னுக்கு எழுதினார். பதில் பத்து மாதம் கழித்து வந்தது: சூரியன் மேல் தவறில்லை, தாளைத் திருத்த வேண்டுமானால் கையெழுத்திட்டவரே ஊர்க்கூட்டத்தில் எழுந்து உண்மை அளவைச் சொல்ல வேண்டும், ஊரார் இருவர் ஆமோதிக்க வேண்டும். ஊர் நடுவில் நின்று தன் வீட்டில் நல்ல வெயில் என்று சொல்வதா? உர்ஹோ கடிதத்தை மடித்து வைத்தார். "ஏப்ரல்ல சரியாயிடும்" என்றார்.

"சனிக்கிழமை பத்து இருபது பஸ்ஸுக்கு நான் போறேன்" என்றாள் சாய்மி. "திரும்பி வர டிக்கெட் எடுக்கல."

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு ஊர்க்கூட்டம். உர்ஹோ பனி வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சாய்மி சூட்கேஸோடு வாசலருகே நின்றாள். பஸ் அங்கேதான் நிற்கும். ஜன்னல் வழியே தெருக்கோடியில் அவர்கள் வீடு இருந்த இடம் மை கொட்டியதுபோல் தெரிந்தது. வேறு விஷயம் ஏதாவது உண்டா என்று எழுத்தர் ஹெல்மி கேட்டாள். உர்ஹோ எழுந்தார்.

"எங்க வீட்டு வெயில்..." என்றார். "அவ்வளவு மோசமில்ல."

ஹெல்மி எழுதினாள். ஜன்னலில் அந்தக் கறுப்பு சாம்பல் நிறமானது.

"பரவாயில்லன்னே சொல்லலாம்."

பாத்திரம் கழுவிய தண்ணீர்போல் ஒரு வெளிச்சம் கூரைமேல் படிந்தது.

"ஏம்ப்பா உர்ஹோ, இந்த வேகத்துல போனா ஜூன் வந்துரும்" என்றார் ட்ரெகியர். இரண்டு வருஷமாகத் தூங்காத கண்கள்.

"நம்பரா சொல்லுங்க" என்றாள் ஹெல்மி.

உர்ஹோ தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நல்ல வெயில். இந்தக் கரையிலேயே எங்க அடுப்படி வெயில்தான் நல்ல வெயில். குளிர்காலத்துல ஒன்பதரைக்கு மேசைக்கு வரும், பத்தே முக்காலுக்குப் போயிரும். சாய்மி காபியோட அதுல உக்காந்திருப்பா. அதைப் பாக்க வண்டிய ரெண்டு நிமிஷம் நிறுத்துவேன். முப்பத்தொரு வருஷமா நிறுத்துறேன்."

கூட்டத்தில் எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். இப்படி ஒரு பேச்சு அந்தக் கூடத்தில் அதற்கு முன் நடந்ததாகக் குறிப்பேட்டில் இல்லை. ட்ரெகியர் கை தூக்கி ஆமோதித்தார். இன்னொருவர் வேண்டும். அர்விட் பூட்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "நானும் பாத்திருக்கேன்" என்றார். "சுமாரா இருக்கும்."

ஹெல்மி முத்திரையை எடுத்துக் குத்தினாள். தெருக்கோடியில் வீடு பளிச்சென்று தெரிந்தது. மணி பத்து இருபது.

பஸ் வந்து, கதவைத் திறந்து, கொஞ்சம் காத்திருந்து, போனது.

"ரெண்டு நிமிஷம் இல்ல, அஞ்சு" என்றாள் சாய்மி. "வண்டிச் சத்தம் எனக்குக் கேக்காதா? வா, இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு." சூட்கேஸை அவர் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும் கிவிலாக்காரர்கள் ஒருவர் பார்க்காமல் ஒருவர் ஹெல்மியிடம் வந்து, காதோரம் குனிந்து, தங்கள் வீட்டு வெயிலைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள். ட்ரெகியர் டிசம்பரை நான்கு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் குறைத்துச் சொன்னது அது ஒன்றுதான். பொதுக்கூடத்தின் மேல் பேனல் வைத்தாயிற்று. தபால்காரப் பெண்மணி டார்ச்சை வீட்டில் வைத்துவிட்டாள். உர்ஹோ வீட்டு மேசைமேல் குளிர்காலத்தில் தினமும் ஒன்பதரைக்கு வெயில் வருகிறது. ஏரிப்பக்கமிருந்து புயல் அடித்து, தெருவே தெரியாமல் பனி கொட்டும் நாளிலும் வருகிறது. அப்படிப்பட்ட நாட்களில் பனி தள்ளும் வண்டி அந்த வேலியருகே ஐந்து நிமிஷம் நிற்கும். பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பதில்லை.